பெர்லியோஸின் ஆரம்பகாலத் தோல்விகள்: இசை காரணமா, ஏற்பாடு காரணமா?

#1 தாழ்சுருதி

பிரெஞ்சு இசையமைப்பாளர் எக்தோர் பெர்லியோஸ் பற்றி எந்த அறிமுகக் கட்டுரையை எடுத்தாலும் ஒரே பல்லவி: காலத்தை முந்திப் பிறந்தவர், பாரிஸுக்கு அவர் இசை புரியவில்லை, அதனால் அல்லாடினார். 1824 முதல் 1834 வரை நடந்ததை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் சறுக்கிய இடங்களில் பாதிக்கு மேல் பார்ட்டில் (ஒவ்வொரு வாத்தியக்காரரும் பார்த்து வாசிக்கும் தனித்தாள்) பிழை, ஆள் வரவில்லை, நாற்காலி இல்லை, ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதியதைப் பியானோவில் வாசித்துக் கெடுத்தார்கள் என்ற ரகம்தான். இசை காதில் விழுந்த பிறகு பிடிக்காமல் போனது தனிக் கணக்கு.

இரண்டு கேள்விகள். ஒன்று, இந்தப் பார்வை எந்த அளவுக்குத் தாங்கும்? இரண்டு, அந்த அனுபவமெல்லாம் அவருடைய ஐந்து அசைவு (பகுதி) கொண்ட 'சிம்பொனி ஃபான்டாஸ்டிக்' ஸ்கோருக்குள் (எல்லாப் பார்ட்டும் சேர்ந்த முழுப் பிரதி) எப்படி வந்து சேர்ந்தது? குறிப்பாக அவர் கேட்கும் ஆட்கணக்கு, வாத்தியங்கள், இன்று அதை மேடையேற்றும்போது எங்கே இடிக்கும் என்பதெல்லாம். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 நூலகப்பூச்சி

முதல் சறுக்கலே உங்கள் கட்சிக்குச் சாட்சி. மருத்துவம் படிக்க 1821-ல் பாரிஸ் வந்தவர் லெசூயரிடம் இசை கற்கத் தொடங்கி, 1824-ல் செயின்ட்-ரோக் தேவாலயத்துக்காக ஒரு பெரிய திருப்பலி இசை எழுதினார். பார்ட் எழுத ஆள் வைக்கப் பணம் இல்லை. தேவாலயப் பாடகர் குழுச் சிறுவர்களிடம் நகல் எடுக்கும் வேலை போனது. டிசம்பர் கடைசியில் ஒத்திகை. பெரிய படையே திரளும் என்று நம்பியிருந்தார். வந்தவர்கள் கணக்கை அவரே எழுதி வைத்திருக்கிறார்: 15 டெனர், 5 பாஸ், 12 சிறுவர்கள், 9 வயலின், 1 வியோலா, 1 ஓபோ, 1 ஹார்ன், 1 பசூன். செல்லோவும் டபுள் பாஸும் அந்தப் பட்டியலிலேயே இல்லை!

அதற்கு மேல் பார்ட்டில் ஒரு பக்கம் ஃப்ளாட் (சுரத்தைத் தாழ்த்தும் குறி) விட்டுப்போயிருக்கிறது, இன்னொரு பக்கம் ஓய்வு பார்கள் (வாசிக்காமல் எண்ணிக் கடக்க வேண்டிய தாளக் கட்டங்கள்) விட்டுப்போயிருக்கின்றன. ஓய்வு விட்டுப்போவதுதான் பெரிய ஆபத்து. தவறான சுரம் வந்தால் காதில் உடனே உறுத்தும், நிறுத்தித் திருத்திவிடலாம். பத்து பார் ஓய்வு குறைந்தால் அந்த ஆள் பத்து பார் முன்னாலேயே நுழைவார், அவர் பார்ட்டைப் பார்த்தால் அவர் செய்தது சரியாகவே இருக்கும். யார் பார்ட்டில் பிழை என்று கண்டுபிடிப்பதற்குள் ஒத்திகை நேரம் தீர்ந்துவிடும். அன்று அதுதான் நடந்தது. கைவிட்டார்கள்.

பிறகு எல்லாப் பார்ட்டையும் தன் கையாலேயே மறுபடி எழுதினார். கடன் கேட்டு எழுத்தாளர் ஷத்தோப்ரியானுக்குக் கடிதம் போட்டார், இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. கடைசியில் நண்பர் ஓகுஸ்தான் த போன் 1,200 பிராங்க் கொடுத்தார். 1825 ஜூலை 10-ஆம் தேதி அதே தேவாலயத்தில், வாலன்தினோ நடத்த, நன்றாகவே நடந்தது. இடையில் இசையையும் பெரும்பாலும் திருத்தி எழுதியிருந்தார் என்பது உண்மை, ஆனால் ஏற்பாடும் அடியோடு மாறியிருந்தது. பார்ட் சரியாக இருந்தது, ஆள் வந்தார்கள், சம்பளம் கொடுக்கப் பணம் இருந்தது.

அந்தக் கடன் வேறு விதத்தில் திரும்பி வந்தது. மீதித் தொகையை நண்பர் பெர்லியோஸின் தந்தையிடம் கேட்டுவிட, அவர் அடைத்துவிட்டு மகனுக்கு அனுப்பும் மாதப் பணத்தில் கை வைத்தார். 1827-ல் நூவோதே நாடக அரங்கில் கோரஸ் பாடகராக மாதம் 50 பிராங்குக்குப் போனது அந்த நெருக்கடியில்தான்.

#3 மூன்றாம் ஹார்ன்

ரோம் பரிசுக் (இளம் இசையமைப்பாளர்களுக்கான பிரெஞ்சு அரசுப் போட்டி) கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து முறை முயன்றார்.

1826: ஃபியூக் (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னும் வடிவம்) எழுதும் முதல்நிலைத் தேர்விலேயே வெளியே.
1827: 'ஓர்ஃபேயின் மரணம்'. வாசிக்கவே முடியாதது என்று தீர்ப்பு.
1828: 'எர்மினி'. இரண்டாம் பரிசு.
1829: 'கிளியோபாத்ரா'. அந்த ஆண்டு முதல் பரிசே கொடுக்கவில்லை.
1830: 'சார்தனாபால்'. முதல் பரிசு.

நடைமுறை இப்படி. முதலில் ஃபியூக். தேறியவர்களுக்கு ஒரு கவிதை தரப்படும். ஆளுக்கொரு அறையில் அடைத்துவிடுவார்கள், முழு ஆர்கெஸ்ட்ராவுக்கும் ஸ்கோர் எழுதி முடித்துத்தான் வெளியே வரலாம். ஆனால் நடுவர்கள் கேட்பது பியானோவும் பாடகரும் மட்டும். முதலில் இசைப் பிரிவினர் கேட்பார்கள், இறுதி வாக்கெடுப்பில் ஓவியர், சிற்பி, கட்டடக் கலைஞர் எல்லோரும் கை தூக்குவார்கள்.

இதில் யாருக்கு நஷ்டம் என்று பாருங்கள். பியானோவில் மெட்டு, தாளம், ஸ்வரக்கோவை மூன்றும் தப்பிக்கும். நீண்ட ஒரு சுரத்தின் மேல் மெல்ல ஏறும் கிரெஷெண்டோ (ஒலி கூடுவது) தப்பிக்காது, ஏனென்றால் பியானோவில் தட்டிய சுரம் அந்த நொடியிலிருந்து தேயத் தொடங்கும். வயலின்கள் அதிர்வாக வாசிக்கும் ட்ரெமோலோ, பியானோவில் இரண்டு விரல் தடதடப்பாகும். நான்கு பசூன் சேர்ந்து தரும் கனம், மூடிய ஹார்னின் நசுங்கிய ஒலி எதற்கும் பியானோவில் வழியே இல்லை. பெர்லியோஸ் எழுதியதில் பாதிச் சரக்கு அதில்தான் இருந்தது. 1827-ல் பியானோவில் உட்கார்ந்த ரிஃபோ, 'ஓர்ஃபே'யின் உச்சக் காட்சியில் கை ஓடாமல் திணறியதும் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

போட்டியில் உடன் நின்ற பலர் பியானோவில் யோசித்து, பிறகு வாத்தியங்களுக்குப் பிரித்தவர்கள். இவருக்குப் பியானோ வாசிக்கவே தெரியாது. புல்லாங்குழலும் கிதாரும்தான்.

#4 எதிர்ச்சுரம்

கொஞ்சம் பொறுங்கள். ஏற்பாட்டின் தலையில் எல்லாவற்றையும் கட்ட முடியாது. 1829-ல் பரிசு கைநழுவிய மறுநாள் நடுவர்களில் ஒருவரான புவால்தியூ தெருவில் சந்தித்துச் சொன்னதாகப் பெர்லியோஸே எழுதுகிறார்: பேத்தோவனில் பாதி எனக்கே புரிவதில்லை, நீங்கள் அதையும் தாண்டிப் போகிறீர்கள், எனக்கு மனதைத் தாலாட்டுகிற இசைதான் வேண்டும். இது பியானோவின் குற்றமா?

'கிளியோபாத்ரா'வில் ஃபாரோக்களின் ஆவிகளை அழைக்கும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் தந்திகள் ஒரே தாள உருவை விடாமல் தட்டிக்கொண்டிருக்கும், மேலே ஹார்மனி எதிர்பாராத இடங்களுக்கு நழுவும். கடைசியில் பாம்பு தீண்டியபின் பாட்டு துண்டு துண்டாக அறுந்து, டபுள் பாஸில் துடிப்பு மட்டும் மிஞ்சி அடங்கும். பரிசுக் காண்டாட்டா (பாடகருக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் எழுதும் நீண்ட பாட்டு) என்றால் கடைசியில் வீறுகொண்ட ஆரியா (தனிப்பாட்டு) ஒன்று வேண்டும் என்பது எழுதாத விதி. இதை உலகின் தலைசிறந்த ஆர்கெஸ்ட்ரா வாசித்துக் காட்டியிருந்தாலும் அந்த நடுவர்கள் முகம் சுளித்திருப்பார்கள் என்பதே என் கருத்து.

1830-ல் ஜெயித்ததும் அவர் அடக்கி வாசித்ததால்தான். ஜூலைப் புரட்சியின் குண்டுகள் வெளியே பறந்துகொண்டிருக்க, 29-ஆம் தேதி ஸ்கோரை முடித்துக் கொடுத்தார். அதில் அரண்மனை எரியும் காட்சியை எழுதவே இல்லை, பரிசு கையில் வந்த பிறகுதான் சேர்த்தார். பரிசு சும்மா இல்லை: ஆண்டுக்கு 3,000 பிராங்க் வீதம் ஐந்து ஆண்டு.

#5 வியோலா வரிசை

அந்தத் தீ எரியாமல் போனதுதான் எனக்குப் பிடித்த பாடம். 1830 அக்டோபர் 30, பரிசளிப்பு விழா. நடத்தியவர் க்ராஸே. எரியும் காட்சியில் உச்ச வெடிப்பு ஒரு சங்கிலியாக எழுதப்பட்டிருந்தது. ஹார்ன் ஒரு சுரம் தர வேண்டும், அதைக் கேட்டு டிம்பனி, டிம்பனியைக் கேட்டு சிம்பலும் பெரிய டிரம்மும், அதன் பிறகு மொத்த ஆர்கெஸ்ட்ராவும் வெடிக்க வேண்டும். ஹார்ன்காரர் தன் சுரத்தை விட்டுவிட்டார். டிம்பனி காத்திருந்தது. டிம்பனி வராததால் சிம்பலும் டிரம்மும் காத்திருந்தன. வயலின்களும் செல்லோக்களும் மட்டும் கீழே ட்ரெமோலோவை ஓட்டிக்கொண்டே போயின. பெர்லியோஸ் கையிலிருந்த ஸ்கோரைத் தூக்கி ஆர்கெஸ்ட்ராவுக்குள் எறிந்தார்.

பொறியியலாகப் பார்த்தால் ஒற்றைப் புள்ளியில் எல்லாம் தொங்கியது. நீண்ட ஓய்வில் இருப்பவர் பார்களை எண்ணுவதை மட்டும் நம்ப மாட்டார், பார்ட்டில் சிறிய எழுத்தில் எழுதியிருக்கும் வேறொரு வாத்தியத்தின் 'க்யூ'வைக் கேட்டு நுழைவார். அந்த க்யூவே இன்னொரு க்யூவை நம்பியிருந்தால் ஒருவர் தவறியதும் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். கண்டக்டர் கை காட்டினால் காப்பாற்றலாம். ஆனால் அன்றைய பாரிஸ் கண்டக்டர்கள் பலர் முழு ஸ்கோரை வைத்து நடத்தவில்லை. பாரிஸின் பெயர்பெற்ற கண்டக்டர் அபெனெக்கே முதல் வயலின் பார்ட்டில் முக்கிய நுழைவுகளைக் குறித்து வைத்துக்கொண்டு, வில்லால் தாளம் போட்டவர். மொட்ஸார்ட்டுக்கும் பேத்தோவனுக்கும் அது போதும், அங்கே முக்கியமானது பெரும்பாலும் முதல் வயலினில் இருக்கும். பெர்லியோஸிடம் அது மூன்றாம் ஹார்னிலோ இரண்டாம் டிம்பனியிலோ உட்கார்ந்திருக்கும்.

#6 நூலகப்பூச்சி

அரங்கக் கணக்கும் உண்டு. 1828 மே 26 கச்சேரிக்குக் கன்செர்வத்வார் (பாரிஸ் இசைக் கல்லூரி) அரங்கம் வேண்டும் என்றபோது இயக்குநர் கெருபினி மறுத்தார், நுண்கலைப் பொறுப்பிலிருந்த லா ரோஷ்ஃபூகோவிடம் போய் மேலிட அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 'வேவர்லி', 'ஃப்ரான்-ஜூஜ்' இரண்டு ஓவர்ச்சரும் (முன்னிசை) அன்று ஒலித்தன. பார்ட்டெல்லாம் மறுபடியும் அவர் கையெழுத்தே, நகலெடுக்கும் கூலி மிச்சம்.

'ஃபான்டாஸ்டிக்' முதலில் வந்திருக்க வேண்டியது 1830 மே மாதம், நூவோதே அரங்கில். 130 பேரை வரவழைத்தார்கள். மேடையில் இடம் இருக்கிறதா என்று பார்த்தார்களே தவிர, 130 நாற்காலி, அத்தனை ஸ்டாண்ட், அத்தனை விளக்கு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. தச்சர்கள் ஓடினார்கள், கூச்சல், குழப்பம். நடன அசைவையும் மரண மேடை அணிவகுப்பையும் மட்டும் ஒருவாறு வாசித்துவிட்டுக் கலைந்தார்கள். வாசித்த அணிவகுப்புக்கு அந்தக் களேபரத்திலும் நல்ல வரவேற்பு என்பதைக் கவனியுங்கள்.

1833 நவம்பர் 24 இன்னும் மோசம். இத்தாலிய நாடக அரங்கில் நாடகமும் இசையும் கலந்த நீண்ட நிகழ்ச்சி, சிம்பொனியைக் கடைசியில் வைத்திருந்தார்கள். அந்த அரங்கின் வாத்தியக்காரர்களுக்கு நள்ளிரவுக்கு மேல் இருக்கக் கட்டாயம் இல்லை. பன்னிரண்டு அடித்ததும் எழுந்து போய்விட்டார்கள். மிஞ்சியது ஐந்து வயலின், இரண்டு வியோலா, விரல்விட்டு எண்ணும் செல்லோக்கள், ஒரு ட்ராம்போன். கூட்டம் சிம்பொனி வேண்டும் என்று கத்தியது, வாசிக்க ஆளில்லை. அடுத்த மாதம் 22-ஆம் தேதி சொந்தமாக ஆள் சேர்த்துக் கன்செர்வத்வாரில் வைத்தார். அந்த மாலைதான் வயலின் மேதை பாகனீனி வந்து பாராட்டினார்.

#7 தாழ்சுருதி

எதிர்ச்சுரம் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நடுவர் குழுவின் ரசனை ஒரு பக்கம், பொதுக் கூட்டத்தின் காது இன்னொரு பக்கம் என்று பிரித்து வைத்துக்கொள்கிறேன். கூட்டம் கேட்க முடிந்தபோதெல்லாம் பெரும்பாலும் கைதட்டியிருக்கிறது.

இப்போது 'ஃபான்டாஸ்டிக்' ஸ்கோருக்கு வரலாமா?

#8 மூன்றாம் ஹார்ன்

தந்திகளில் அவர் எண்ணிக்கையையே அச்சடித்துவிட்டார்: குறைந்தது 15 முதல் வயலின், 15 இரண்டாம் வயலின், 10 வியோலா, 11 செல்லோ, 9 டபுள் பாஸ். மொத்தம் 60. ஒன்பது டபுள் பாஸ் எதற்கு என்று கேட்பவர்கள் நான்காம் அசைவின் தொடக்கத்தைப் பார்க்கட்டும். டபுள் பாஸ் மட்டும் நான்காகப் பிரிந்து, பிட்ஸிகாட்டோவில் (விரலால் சுண்டி) முழுக் கோர்வை (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வாசிக்கிறது. நாலே பேர் இருந்தால் குரலுக்கு ஒருவர், டிம்பனி உருட்டலுக்கு அடியில் அது காணாமல் போகும்.

காற்று வாத்தியங்கள்: 2 புல்லாங்குழல், 2 ஓபோ, 2 கிளாரினெட், 4 பசூன், 4 ஹார்ன், 2 ட்ரம்பெட், 2 கார்னெட், 3 ட்ராம்போன், 2 ஓஃபிக்ளைட் (டூபாவுக்கு முந்தைய பித்தளைத் தாழ்வாத்தியம்). இரண்டாம் புல்லாங்குழல் பிக்கோலோவுக்கும், இரண்டாம் ஓபோ இங்கிலீஷ் ஹார்னுக்கும், முதல் கிளாரினெட் கடைசி அசைவில் ஈ-ஃப்ளாட் கிளாரினெட்டுக்கும் மாற வேண்டும். ட்ரம்பெட் அன்று வால்வ் (குழாய் நீளத்தை மாற்றும் விசை) இல்லாதது, கார்னெட்டில் வால்வ் உண்டு. ஆகவே எல்லா சுரமும் தேவைப்படும் மெட்டு கார்னெட்டுக்கும், முழக்கம் ட்ரம்பெட்டுக்கும் போகும். இன்று நான்கையும் ட்ரம்பெட்டில் வாசித்தால் அந்த நிற வித்தியாசம் போய்விடும், சோம்பேறித்தனம்.

ஹார்ன் என் பக்கம், அதனால் நீட்டுகிறேன். வால்வ் இல்லாத ஹார்ன் தன் குழாய் நீளத்துக்கு உரிய இயற்கைச் சுரங்களை மட்டும் திறந்த ஒலியில் தரும். இடைச் சுரம் வேண்டுமானால் ஹார்னின் அகன்ற வாய்க்குள் கையைச் செலுத்தி அடைக்க வேண்டும், ஒலி மங்கும். நான்கு ஹார்னையும் ஒரே சுருதிக் குழாயில் வைத்தால் நால்வருக்கும் அதே திறந்த சுரங்கள்தான். இரண்டிரண்டாக வெவ்வேறு சுருதியில் வைத்தால் ஒருவருக்கு இல்லாதது மற்றவருக்குத் திறந்து கிடைக்கும். அவர் அப்படித்தான் பிரிக்கிறார். வால்வ் ஹார்ன் பரவத் தொடங்கியபின் அச்சேறிய ஸ்கோரில், நான்காம் அசைவின் தொடக்கத்தில், வால்வைத் தொடாமல் கையாலேயே அடைத்து வாசி என்று குறிப்பு வைத்தார். அந்த மங்கல் இயலாமையால் வந்ததல்ல, அவருக்கு அதுதான் தேவை. நவீன ஹார்னில் எல்லாவற்றையும் திறந்து ஊதுகிறவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

#9 தோல்வாத்தியம்

தாளப் பகுதி நான் சொல்கிறேன்.

மூன்றாம் அசைவின் முடிவில் தூரத்து இடி. நான்கு டிம்பனிக்காரர்கள், ஆளுக்கொரு சுரம், சேர்ந்தால் கோர்வை. கடற்பஞ்சுத் தலை வைத்த குச்சி என்று ஸ்கோரிலேயே இருக்கிறது. மரத் தலையோ கெட்டியான ஃபெல்ட்டோ போட்டால் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும், இடி முரசறைவதாகிவிடும். மெத்தென்ற குச்சியில் சுரம் கொஞ்சம் கலங்கலாகத்தான் வரும், வரட்டும்.

நான்காம் அசைவில் டிம்பனி ஆறாறாக ஓடும். அரை பாருக்கு முதல் அடி மட்டும் இரண்டு குச்சியாலும், மற்ற ஐந்தும் வலது குச்சியால் மட்டும் என்று எழுதியிருக்கிறார். மாற்றி மாற்றி அடிப்பது கைக்குச் சுலபம், ஆனால் சமமாக வழுக்கிக்கொண்டு போகும். ஒரே கையால் அடித்தால் வேகத்துக்கு ஒரு கடிவாளம் விழும், முதல் அடியின் கனமும் தனியே தெரியும். அசைவு ஓட்டமெடுக்காமல் இருக்க இதுவே போதும்.

கடைசி அசைவின் மணிகள் 'சி', 'ஜி'. மேடைக்குப் பின்னால். உண்மையான தேவாலய மணியில் அந்தத் தாழ்ந்த சுரம் வேண்டுமென்றால் டன் கணக்கில் வெண்கலம். கிடைக்காது என்று அவருக்கே தெரியும், மேடை முன்புறத்தில் பியானோக்களில் எண்மம் (அதே சுரம் வேறு ஸ்தாயியில்) சேர்த்து வாசிக்கலாம் என்று மாற்று வழி கொடுத்துவிட்டார். இன்று பலர் குழாய் மணியை மாட்டுகிறார்கள், 'டீயஸ் ஈரே'க்கு (இறந்தோருக்கான பழைய லத்தீன் பாட்டு, இந்த அசைவில் வருகிறது) மேல் அது கடிகார மணி போலத் துள்ளும். தட்டை மணி கிடைத்தால் அதுவே மேல்.

#10 வியோலா வரிசை

'டீயஸ் ஈரே'யை முதலில் சொல்வது பசூனும் ஓஃபிக்ளைடும். முதல் வடிவத்தில் ஓஃபிக்ளைடோடு செர்ப்பென்ட்டும் (பாம்பு போல வளைந்த பழைய தாழ்வாத்தியம்) இருந்தது. டூபா போட்டால் சுரம் சுத்தமாக, உருண்டையாக, அழகாக இருக்கும். அழகாக இருப்பதுதான் சிக்கல்.

ஹார்ப் இரண்டு பார்ட், பார்ட்டுக்கு இரண்டு பேராவது என்கிறார். ஆக நான்கு பேர், ஒரே அசைவுக்கு. அந்த நடன அசைவில் பசூன், ட்ரம்பெட், ட்ராம்போன், டிம்பனி எதுவும் கிடையாது. இத்தனை காலி செய்தும் இரண்டே ஹார்ப் வைத்தால் வால்ஸின் உச்சத்தில் மூழ்குகிறது.

மூன்றாம் அசைவில் ஓபோ மேடைக்கு வெளியே. வெளி வராந்தா குளிர்ந்திருந்தால் சுருதி இறங்கும், தூரத்தாலும் தாழ்ந்தது போலக் காதில் படும். வெளியே நிற்பவர் அரங்கத்தின் உள்ளிருக்கும் சுருதியைக் கடைசி நிமிடத்தில் சரிபார்த்துக்கொண்டு, துளி உயர்த்தியே வைத்துக்கொள்வது வழக்கம். கதவு எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பதையும் ஒத்திகையிலேயே முடிவுசெய்யுங்கள்.

#11 எதிர்ச்சுரம்

இந்த மூன்றாம் அசைவே என் கட்சிக்கு வலு. 1830 டிசம்பர் 5, கன்செர்வத்வார், அபெனெக் நடத்தியது, நூறுக்கும் மேற்பட்ட வாத்தியக்காரர்கள், ஏற்பாட்டில் பெரிய குறை இல்லை. அணிவகுப்பும் சூனியக்காரிகள் கூத்தும் அரங்கைப் பிடித்தன. வயல்வெளிக் காட்சி எடுபடவே இல்லை. குறை எழுத்தில் இருந்தது. ஃபெர்டினான்ட் ஹில்லர் சொன்ன யோசனைகளையும் கேட்டு, அதைக் கிட்டத்தட்ட புதிதாகவே எழுதினார். 1832 டிசம்பர் 9-இல் வந்தது திருத்திய வடிவம், அச்சேறியதோ 1845-இல். கையெழுத்துப் பிரதியில் ஒட்டுத் துண்டுகளைப் பார்த்தாலே தெரியும், முதல் நாள் பாரிஸ் கேட்டது நாம் கேட்கும் சிம்பொனி அல்ல.

சரக்கையும் வீணாக்கவில்லை. சிம்பொனி முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் காதலியின் மெட்டு, முதல் பரிசு தவறிய 'எர்மினி'யிலிருந்து வந்தது. அணிவகுப்பு, மேடையேறாத 'ஃப்ரான்-ஜூஜ்' ஓபராவிலிருந்து.

#12 நூலகப்பூச்சி

வயல்வெளிக் காட்சியின் மெட்டும் 1824 திருப்பலியின் 'கிராத்தியாஸ்' பகுதிதான்! அந்தத் திருப்பலியை எரித்துவிட்டதாகத் தன் நினைவுக் குறிப்பில் எழுதினார், எல்லோரும் நம்பினார்கள். 1991-ல் ஆன்ட்வெர்ப் தேவாலயம் ஒன்றில் அவர் கைப்பட எழுதிய முழு ஸ்கோரும் கிடைத்தது. 1835-ல் வயலின் கலைஞர் பெஸ்ஸெம்ஸுக்கு அன்பளிப்பாகக் கொடுத்திருக்கிறார். ஆகவே இந்த இழையில் நாம் எடுத்துவைத்த சம்பவங்களில் பல அந்த நினைவுக் குறிப்பை நம்பி நிற்பவை என்பதை மறக்க வேண்டாம். எண்ணிக்கைகளும் தேதிகளும் பெரும்பாலும் தேறும். யார் என்ன சொன்னார் என்பதில் மனிதர் கொஞ்சம் நாடகக்காரர். புவால்தியூ பேச்சும் அதில் அடக்கம்.

#13 வியோலா வரிசை

தாழ்சுருதி கேட்ட இரண்டாம் கேள்விக்கு அவருடைய அடுத்த சிம்பொனியான 'இத்தாலியில் ஹெரால்ட்' வரை போனால்தான் பதில் முழுமையாகும். 1834 நவம்பர் 23, நடத்தியவர் ஜிரார். முதல் அசைவின் கடைசிப் பகுதி படிப்படியாக வேகமெடுக்க வேண்டும், அவரால் கொண்டுவர முடியவில்லை. யாத்ரீகர் அணிவகுப்பை மறுபடி கேட்டார்கள். அதில் ஹார்ப், நீண்ட இடைவெளி விட்டு விட்டு மணியோசை போலச் சில சுரங்கள் மட்டும் தரும். இரண்டாம் முறை ஹார்ப்காரர் எண்ணிக்கையைத் தவறவிட்டார். ஜிரார் "கடைசிக் கோர்வை!" என்று கத்தினார், ஐம்பது பார் அளவுக்குத் தாண்டிக் குதித்து முடித்தார்கள்.

அதற்குப் பிறகு பெர்லியோஸ் தன் படைப்பைத் தானே நடத்துவது என்று தீர்மானித்தார், முழு ஸ்கோரை முன்னால் வைத்துக்கொண்டு. குச்சியின் தலை எதில், ஹார்ப் எத்தனை, மணி இல்லாவிட்டால் என்ன என்று ஸ்கோர் பேசிக்கொண்டே இருப்பதற்கும் அதுவே காரணம். அவர் இல்லாத ஊரில் வாசித்தாலும் நடக்க வேண்டும்.

#14 தாழ்சுருதி

பணம் தேறியதா?

#15 நூலகப்பூச்சி

கச்சேரியில் தேறவில்லை. மொத்த வசூலில் எட்டில் ஒரு பங்கு மருத்துவமனைகளுக்கான ஏழைகள் வரி, செலவு போக மிஞ்சியதில் அல்ல, மொத்தத்தில். 1844-ல் அவர் நடத்திய பெருவிழாவில் வசூல் 32,000 பிராங்க். வரிக்கு 4,000, கூலியும் மற்ற செலவும் போக அவர் கைக்கு வந்தது 800. வீட்டை ஓட்டியது பத்திரிகை விமர்சனமும், 1839 முதல் கன்செர்வத்வார் நூலகத்தில் கிடைத்த மாதம் 118 பிராங்கும், 1838 டிசம்பரில் பாகனீனி கொடுத்த 20,000 பிராங்கும்.

கேட்டுப் பார்க்க வேண்டுமென்றால் கார்டினரின் 1991 பதிவை எடுங்கள். பழைய கன்செர்வத்வார் அரங்கத்திலேயே, பழைய வாத்தியங்களோடு பதிவானது. செர்ப்பென்ட் எப்படிக் கரகரக்கிறது என்று கடைசி அசைவில் தெரியும். மரச்சுவர் அரங்கம், எதிரொலி குறைவு, அதனால் நான்காம் அசைவில் அடைத்த ஹார்னும் பிரிந்த டபுள் பாஸும் தனித்தனியே காதில் விழும்.